கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொறி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஏழேகால் மணிக்கு, எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் முன்னிலையில், என் மேலுதட்டில் பதினோராவது முடி தென்பட்டது. முன்பே குடியேறியிருந்த பத்து முடிகளும் நலம். விழா எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. பதினோரு முடி உள்ளவனை இனிமேல் யாரும் பொடியன் என்று சொல்ல முடியாது என்பதால், ஒரு தகப்பன் செய்ய வேண்டிய முதல் வேலையை இன்றைக்கே செய்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மகனே, இது உனக்கு நான் எழுதும் கடிதம்.

நீ இன்னும் பிறக்கவில்லை. அது ஒரு சின்னக் குறைதான். எனக்கு வயது பதினேழு, பிளஸ் டூ படிக்கிறேன், உன் அம்மா யார் என்று எனக்கே தெரியாது, தெரிந்தாலும் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க இன்னும் பல வருடம் ஆகும். ஆனால் நீ வளர்ந்து ஆளாகி, என் தலை நரைத்து, அப்போது நான் உட்கார்ந்து இதை எழுதினேன் என்று வைத்துக்கொள், அதற்குள் நான் நல்லவனாகியிருப்பேன். நல்லவனான பிறகு அப்பாக்கள் எழுதுவதை நம்ப முடியாது. என் அப்பா சொல்லும் கதைகளில் அவர் இதுவரை ஒரு தப்பும் செய்ததில்லை. மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறார், கிழிந்த சட்டையிலும் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறார், ஒரு மாங்காய்கூடத் திருடியதில்லை. மாந்தோப்புகளுக்கு நடுவே நத்தத்தில் பிறந்தவர் மாங்காய் திருடியதில்லை என்றால் யார் நம்புவது? அதனால்தான் குற்றம் சூடாக இருக்கும்போதே எழுதுகிறேன். நீ பெரியவனாகிப் படிக்கும்போது, உன் அப்பா ஒரு காலத்தில் எவ்வளவு மோசமாக நடந்துகொண்டான் என்பதை அவன் வாயாலேயே கேட்டுக்கொள்.

இன்று சாயங்காலம் நாலு மணி ரயிலில் என் அக்கா அமலா கிளம்புகிறாள். உனக்கு அவள் அத்தை. வடக்கே, இரண்டு பகல் ஓட வேண்டிய தூரத்தில் ஓர் ஊரில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். போய் இறங்கிய மறுநாள் பெரிய பெரிய விஞ்ஞானிகள் முன்னால் நின்று, தான் கண்டுபிடித்ததைச் சொல்லப் போகிறாள். அவள் காட்டப்போகும் வரைபடத்தில் ஒரு புள்ளி பொய். அதை வைத்தவன் நான். முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ பதறாதே: அதை நான் அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். நேருக்கு நேர் நின்று, கண்ணைப் பார்த்து. உன் அப்பா குறும்புக்காரன்தான், கோழை இல்லை. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் திறமையைப் பற்றிக் கொஞ்சம். திண்டுக்கல்லில் எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு, என் வாய்க்கு மட்டும் கிடையாது. போன வருடம் பேருந்து நிலையத்தில் நானும் என் நண்பனும் நத்தம் வண்டிக்காகக் காத்திருந்தோம். கூட்டமும் காத்திருந்தது. ஓர் ஓரத்தில் பணிமனைக்குப் போக வேண்டிய காலிப் பேருந்து ஒன்று, டிரைவர் இல்லாமல் நின்றது. நான் யாரையும் கூப்பிடவில்லை, கத்தவுமில்லை. நண்பனிடம் சொல்வதுபோலச் சற்றே உரக்க, “அங்குட்டு நிக்கிதே, அதுதான்டா நத்தம் வண்டி” என்றேன். புளிக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா விருட்டென்று எழுந்து ஓடினார். அவர் இடித்ததில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து ஓடினார்கள். அவர்களைப் பார்த்து நாலு பேர். கண்ணை மூடித் திறப்பதற்குள் மொத்த நிலையமும் அந்தக் காலி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு மூன்று சீட் பிடித்துவிட்டார். கண்டக்டர் ஒருவர் டீக்கிளாசோடு ஓடிவந்து, “ஏய்யா, இது எங்கயும் போகாதுய்யா! எறங்குங்கய்யா!” என்று கத்தியும், துண்டு போட்டவர் இறங்க மறுத்துவிட்டார். இந்தக் கதையை நான் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. புளிக்கூடை அம்மா மட்டும் அன்று சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. கூடையிலிருந்து சிந்திய புளியை உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா படிப்பது வாயு, நான் படித்தது வாய் என்று அம்மா சொல்லுவார். அக்காவின் ஆராய்ச்சி கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும். டெராஹெர்ட்ஸ் என்று ஒரு கதிர். வெப்பக் கதிருக்கும் ரேடியோ அலைக்கும் நடுவில் இருப்பது, கண்ணுக்குத் தெரியாது. ஒரு கட்டடம் அளவுக்குப் பெரிய இயந்திரத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு, காந்தங்களுக்கு நடுவே பாம்புபோல நெளியவைத்து அந்தக் கதிரை வரவழைக்கிறார்கள். அதை ஒரு குழியாடியில் பட்டுத் திரும்பவைத்து, ஆர்கான் வாயு அடைத்த கலத்துக்குள்ளே ஊசிமுனை அளவு இடத்தில் குவிக்கிறார்கள். கதிரின் பலம் போதுமான அளவுக்கு வந்ததும், கம்பி இல்லாமல், திரி இல்லாமல், வெறும் வாயு அந்த ஒரு புள்ளியில் பற்றிக்கொள்ளும். அந்தப் பொறிக்குப் பெயர் பிளாஸ்மா. எந்த அழுத்தத்தில் எவ்வளவு பலம் இருந்தால் பற்றும் என்று ஒவ்வொரு புள்ளியாக அளந்து வரைபடம் போடுவதுதான் அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத கதிர் எந்த இடத்தில் குவிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். அவள் என் சட்டைப் பையிலிருந்த ரெட்டியார்சத்திரம் பஸ் டிக்கெட்டை எடுத்து, சூடான தோசைக் கரண்டியின் நுனியை அதன் மேல் வைத்தாள். கரண்டி பட்ட இடம் கன்னங்கரேலென்று ஆனது. சூடு பட்டால் கறுக்கும் இந்த மாதிரிக் காகிதத்தைத்தான் அங்கேயும் பிடிப்பார்களாம். கறுத்த இடம்தான் குவிந்த இடம்.

அவள் இங்கே வந்தது ஓய்வெடுக்க இல்லை. ஆய்வகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டோடு வந்து இறங்கினாள். நான் செய்த முதல் வரவேற்பு, அந்த மாவுக்கட்டில் ஒரு பெரிய பூட்டு வரைந்து, “சாவி தொலைந்துவிட்டது” என்று எழுதியது. சிரித்துக்கொண்டே என் காதைத் திருகினாள். அந்த நேரம் பார்த்துத்தான், அவள் ஒரு வருடமாகக் காத்திருந்த முறை வந்தது. அந்தப் பெரிய இயந்திரத்தை ஐந்தே நாள் அவளுடைய பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அது தவறினால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கால்கட்டோடு எப்படிப் போவது? அங்கே அவளோடு படிக்கும் முருகேசன் அண்ணன், “நீ வீட்டுல இருந்தே பாரு அமலா, கை வேலைய நான் பாத்துக்கிறேன்” என்றார். அத்தனை தூரம் போயும் அவளுக்குக் கிடைத்த கூட்டாளி எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குஜிலியம்பாறைக்காரர். கதிர் பாயும் அறைக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பதால், கலத்துக்கு முன்னால் ஒரு கேமரா வைத்து, அந்தப் படத்தை எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு அனுப்பிவிட்டு, அவர் வேறோர் அறையில் நின்று கதிரின் பலத்தைக் கூட்டுவார், குறைப்பார். பற்றியதா இல்லையா என்று போனில் சொல்வது அக்காவின் பொறுப்பு. பொறியின் வெளிச்சத்தைத் தானாகவே பதிகிற கருவி ஒன்றும் இருந்ததாம். இயந்திரத்தின் இடைஞ்சலில் அது ஒன்றுமே இல்லாதபோதும் ‘வந்துவிட்டது, வந்துவிட்டது’ என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்ததால் கழற்றி வைத்துவிட்டார்கள். பொய் சொல்லும் கருவியைக் கழற்றிவிட்டு, அக்காவுக்கு உதவியாக என்னை உட்காரவைத்தார்கள். மகனே, இந்த இடத்தில் நீ சிரிக்கலாம். நான் சிரித்து மூன்று வாரம் ஆகிறது.

என் வேலை இரண்டு. ஒவ்வொரு முறை அழுத்தத்தை மாற்றும்போதும் நோட்டில் எழுதுவது, படத்தைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்துவது. முதல் நாள் முழுக்க ஒழுங்காகச் செய்தேன். கறுப்புத் திரையில் திடீரென்று ஒரு சின்ன ஊதாப் பொறி மின்னி மறையும்போது எனக்கே மெய் சிலிர்த்தது. மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா கேட்டாள்.

“ஏலே, அந்த பஸ் ஸ்டாண்டு கதைய இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன்.

“மொதல்ல ஓடுனது யாரு?”

“புளிக்கூட வச்சிருந்த அம்மா.”

“அந்தம்மாதான்டா மொத எலக்ட்ரான். அது போயி ஒரு அணுவுல முட்டும், அதுலருந்து இன்னொன்னு தெறிக்கும். ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். சரி, ஸ்டாண்டுல நாலே பேரு இருந்திருந்தா?”

“முட்டுறதுக்கு ஆளில்லாம அந்தம்மா மட்டும் ஓடிப்போயி நின்னிருக்கும்.”

“தீவாளிக் கூட்டமா இருந்திருந்தா?”

“அம்புட்டு நெரிசல்ல எங்குட்டு ஓடுறது?”

“அம்புட்டுத்தான். வாயு ரொம்ப லேசா இருந்தாலும் பத்திக்காது, ரொம்ப நெருக்கமா இருந்தாலும் பத்திக்காது.”

“அப்ப பேசிவிட்ட நானு?”

“நீதான்டா டெராஹெர்ட்ஸ். கண்ணுக்குத் தெரியாம நின்னுக்கிட்டு ஊரக் கெளப்பிவிடுறவன்” என்று சொல்லி, தன் தட்டிலிருந்த வறுவல் மீனை என் தட்டில் வைத்தாள். என் குறும்பை இவ்வளவு மரியாதையாக யாரும் விளக்கியதில்லை. அந்த மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்பதைக் கேள்.

இரண்டாவது நாள் முதல் வெள்ளி. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்குப் பங்குத்தந்தை வீடு தேடி நற்கருணை அப்பம் கொண்டுவருவது எங்கள் வழக்கம். கால்கட்டு உள்ளவளும் நோயாளிதானே. அம்மா விடிந்ததிலிருந்து கூடத்து மேசையில் வெள்ளைத்துணி விரித்து, சிலுவையும் இரண்டு மெழுகுதிரியும் ஒரு சொம்பில் சம்பங்கிப் பூவும் வைத்துக் காத்திருந்தார். பத்தரை மணிக்கு ஃபாதர் வந்துவிட்டார். அந்த நேரம் முருகேசன் அண்ணன், வாயுவை மிகவும் லேசாக்கி, பற்றாது என்று தெரிந்தே ஒரு முறை சரிபார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் தோளைப் பிடித்து எழுந்து, “செத்த நேரம் பாத்துக்கடா, பத்தே நிமிஷம். கண்ண எடுக்காத. பொறி தெரிஞ்சா மட்டும் சொல்லு” என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே கூடத்துக்குப் போனாள்.

பத்து நிமிடம் கறுப்புத் திரையைப் பார்ப்பது என்னால் ஆகாது. முதல் நிமிடத்திலேயே விரல் அரித்தது. திரையை அப்படியே படம் பிடித்து, படம் வரையும் மென்பொருளில் போட்டு, நடுவில் ஒரு பொறி வரைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, வேலை பிரமாதம். நடுவில் வெள்ளை, சுற்றிலும் கத்தரிப்பூ நிறம், ஓரம் மங்கலாக. முந்தைய நாள் பார்த்த பொறிகளைவிட என்னுடையது அழகாக இருந்தது. அதைத் திரை முழுக்க விரித்துவைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா வருவாள், துள்ளுவாள், நான் சிரிப்பேன், அவள் காதைத் திருகுவாள், அவ்வளவுதான் திட்டம். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேனா என்று கேட்காதே. அழுத்தவில்லை.

அவள் வந்தாள். நற்கருணை வாங்கிய கையோடு, முக்காட்டைக்கூட எடுக்காமல் வந்தாள். திரையைப் பார்த்தாள். துள்ளவில்லை. அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பயந்துபோய் ஒரு பொத்தானைத் தட்டினேன், என் படம் மறைந்து நிஜத் திரை கறுப்பாக வந்தது. பொறி மின்னி அணைந்த மாதிரியே இருந்தது. அவள் போனில் கத்தினாள்: “முருகேசு! பத்திக்கிருச்சு! இப்ப என்ன அழுத்தம்? என்ன பலம்? எழுதிக்க, எழுதிக்க!”

“வெளையாடாத அமலா. அம்புட்டு லேசுல எப்பிடிப் பத்தும்?”

“கண்ணால பாத்தேன்கிறேன்! தம்பியும் பாத்தான்! பாத்தேல்லடா?”

மகனே, உலகத்தில் எத்தனையோ நொடிகள் இருக்கின்றன, உண்மையைச் சொல்வதற்கு ஏற்றவை. இதற்கு முந்தைய நொடியும் பிந்தைய நொடியும் அப்படிப்பட்டவைதான். நான் தலையாட்டியது இந்த நொடியில். அதற்குள் சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்து, “ஆண்டவருக்குத் தோத்திரம்!” என்று அக்காவைக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஃபாதரும் வந்துவிட்டார். “எங்கம்மா, காட்டுங்க பாப்போம்” என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரையைக் குனிந்து பார்த்தார். “அது கண்ணச் சிமிட்டுற நேரந்தான் ஃபாதர். இவன்தான் பாத்துக்கிட்டே இருந்தான்” என்றாள் அக்கா. ஃபாதர் என் தலையில் கையை வைத்து, “கண்ணுன்னா இதுல்ல கண்ணு” என்று சொல்லி ஆசீர்வதித்தார். நற்கருணைப் பேழையைத் தொட்ட கை அது. அந்தக் கைக்குக் கீழே நின்றுகொண்டு, ‘நான் வரைந்தது’ என்று எப்படிச் சொல்வது? நீ சொல்லியிருப்பாய் என்று நம்புகிறேன். என்னால் முடியவில்லை.

பிறகு இரண்டு நாலானது, நாலு எட்டானது. அம்மா அடுத்த வீட்டில் சொன்னார். அப்பா தன் சைக்கிள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். டெராஹெர்ட்ஸ் என்ற சொல் வாயில் நுழையாததால் “எம்மக காத்துலயே தீப்பத்த வச்சிருச்சு” என்று சொன்னார். நத்தத்துப் பெரியப்பா ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு மகளின் ஆராய்ச்சி வெற்றிக்காக நன்றி கூறுவோம் என்று ஃபாதர் அறிவித்தார். பஸ் நிலையத்தில் துண்டு போட்டவரைப்போல ஊரே என் காலி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை சாயங்காலம், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நான் நின்றது உண்மை. எனக்குப் பின்னால் வந்த ஒன்பது பேரை “நீங்க போங்க, நீங்க போங்க” என்று முன்னால் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும் உண்மை.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அக்காவுக்கு என்ன ஆனது என்பதுதான் என்னைத் தின்கிறது. அவ்வளவு லேசான வாயுவில், அவ்வளவு குறைந்த பலத்தில் பற்றுவது இதுவரை யாரும் எதிர்பாராத விஷயமாம். நிஜமென்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. மீதி மூன்று நாளையும் அவள் அந்த ஒரு புள்ளியிலேயே செலவழித்தாள். அளக்க வேண்டிய மற்ற அழுத்தங்களை எல்லாம் விட்டுவிட்டு, மறுபடி மறுபடி அதே அழுத்தம், அதே பலம். திரை கறுப்பாகவே இருந்தது. அந்த மூன்று நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன், பதிவுப் பொத்தானை ஒருமுறைகூடத் தவறவிடாமல் அழுத்தினேன். திருடிவிட்டுக் கோயில் வாசலைப் பெருக்குகிறவன் மாதிரி. கடைசி நாள் முருகேசன் அண்ணன், “அமலா, கோவிச்சுக்காத. நெசமாவே பாத்தியா? வேற எதுவும் வெளிச்சம் பட்டிருக்குமா?” என்று கேட்டார். “நீ ஒழுங்கா அழுத்தத்த எழுதியிருக்க மாட்ட. ஒன் அசால்ட்டுக்கு என்னையச் சந்தேகப்படுறியா?” என்று அவள் வெடித்தாள். மூன்று வருடம் ஒரே மேசையில் டீ குடித்தவர்கள். அன்றோடு பேச்சு நின்றுபோனது. அந்த மனிதர் தன் காலால் ஓடி, தன் கையால் திருகி, இவளுக்காக ஐந்து நாள் தூங்காமல் உழைத்தவர். அசால்ட்டுக்காரன் பக்கத்தில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தான்.

மறுபடி வராத பொறிக்கு அவள் காரணம் தேட ஆரம்பித்தாள். எங்கிருந்தோ ஓர் எலக்ட்ரான் தற்செயலாக அந்த நேரம் பார்த்து அங்கே வந்திருக்க வேண்டும், அதுதான் தொடக்கிவைத்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டாள். பதற்றத்தில் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன் என்று நான் சொல்லியிருந்ததால், பதிவுக்குப் பதிலாக நடுநடுவே என்னை உட்காரவைத்து விசாரிப்பாள், நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. எம்புட்டு நேரம் இருந்துச்சு?”

“ரெண்டு... மூணு செகண்டு.”

“கலரு?”

“கத்தரிப்பூக் கலரு.”

“நடுவுல?”

“வெள்ள.”

“அப்பிடியே நின்னுச்சா, துடிச்சுச்சா?”

“லேசாத் துடிச்சுச்சுக்கா.”

துடித்ததாம்! நான் வரைந்த படம் எப்படித் துடிக்கும்? அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். நான் வாய் திறக்கத் திறக்க, பொய்யின் மேல் பொய் ஏறி உட்கார்ந்தது. கடைசியில் வரைபடத்தைப் போட்டாள். நல்ல புள்ளிகள் எல்லாம் பள்ளத்தாக்கு மாதிரி ஒரு வளைவில் ஒழுங்காக நிற்கின்றன. ஒன்று மட்டும் இடது ஓரத்தில், கீழே, தன்னந்தனியாக. அதன் பக்கத்தில் பென்சிலால் “தம்பி புள்ளி” என்று எழுதி, “ஒம் பேர வச்சிட்டேன்டா, மீசக்காரா” என்று காட்டினாள். கண்ணுக்குத் தெரியாதது ஓரிடத்தில் குவிந்தால் கறுத்துப்போகும் என்று அவள் காட்டியது பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை அதிகம் இல்லை, பதினோரு முடிக்கு அவ்வளவுதான் வரும். விளையாட்டுச் செய்தால் பக்கத்திலேயே நின்று, உடனே ‘விளையாட்டு’ என்று சொல்லிவிடு. தாமதித்தால் அது விளையாட்டு இல்லை, வேறு பெயர் வந்துவிடும். இன்னொன்று, இதைத்தான் நான் யோசிக்காமலே விட்டிருந்தேன். ஒருநாள் அக்கா சும்மா சொன்னாள்: “எரியலைங்கிறதும் எங்களுக்கு ஒரு அளவுதான்டா. கறுப்பாவே இருந்துச்சுன்னு நம்பி எழுத ஒரு ஆளு வேணும்.” அப்போதுதான் உறைத்தது. அந்தப் பத்து நிமிடத்தில் பொறி வந்தது என்று நான் சொன்னது பொய். ஆனால் வரவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து வரைந்துகொண்டிருந்தேன். ஒருவேளை நிஜமாகவே ஏதாவது மின்னியிருந்தால் அதுவும் போயிற்று. பொய் சொன்னதோடு, அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய உண்மையையும் நான் தின்றுவிட்டேன். பார்க்கச் சொன்னால் பார், மகனே. கறுப்புத்தான் தெரிகிறது என்றாலும் பார்.

சரி, நான் எப்படி ஒப்புக்கொண்டேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. நேற்றுக் காலை சமையலறை. அக்கா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள், கட்டுப் பிரித்த காலை மெதுவாக ஊன்றி நின்றபடி. நான் போய் நேருக்கு நேர் நின்றேன், நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து. “அக்கா, அந்தப் பொறி நெசமில்லை. நான்தான் வரஞ்சேன். பதிவும் பண்ணல. என்னைய மன்னிச்சிரு” என்று ஒரு சொல் விடாமல் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் முழுசாக அரைபடாத, வீடே அதிர்கிற முதல் ஓட்டம். அது ஓட ஆரம்பிக்கும்வரை நான் கதவோரம் காத்திருந்துதான் உள்ளே போனேன். அவள் மிக்ஸியை நிறுத்தி, “என்னடா முணுமுணுக்கிற?” என்றாள். “சட்னிக்கு உப்புப் போட்டியான்னு கேட்டேன்” என்றேன்.

ஆகவே, மேலே பெருமையாக எழுதியதை அடித்துவிடு. நான் சொல்லவில்லை.

இப்போது மணி இரண்டரை. சற்று முன்னால்தான் அக்கா இந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னடா காலையிலருந்து எழுதுற? லவ் லெட்டரா?”

“எம் மகனுக்கு லெட்டரு.”

“எவன்டா அவன்?”

“இன்னும் பொறக்கல.”

“பொறந்தாலும் ஒன்னைய நம்ப மாட்டான்” என்று சிரித்துவிட்டு, பையை மூட அம்மாவைக் கூப்பிடப் போனாள்.

அவள் சொன்னது சரி. அதனால் இந்தக் கடிதம் இப்போதைக்கு உனக்கு வராது. ரயில் ஏறி உட்கார்ந்ததும் அவள் செய்யும் முதல் காரியம், அந்த நோட்டைத் திறந்து வரைபடத்தை வெறித்துப் பார்ப்பது. இதை நாலாக மடித்து அந்தப் பக்கத்தில், சரியாகத் தம்பி புள்ளியின் மேல் வைக்கப் போகிறேன். ரயிலில் மிக்ஸி கிடையாது. இரண்டு பகல் இருக்கிறது, அந்தப் புள்ளியை அழிக்கவும், முருகேசன் அண்ணனுக்கு அவள் போன் செய்யவும், எனக்குப் போன் செய்து வாயில் வந்ததை எல்லாம் திட்டவும். போனைக் கையிலேயே வைத்திருப்பேன். விஞ்ஞானிகள் கேட்டால் என் பெயரையே சொல்லட்டும். வரைந்த படத்தையும் அவளுடைய மடிக்கணினியில் “நான்தான்” என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன், காட்டிக்கொள்ளலாம். வீணாய்ப்போன மூன்று நாளை மட்டும் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பெரியவனானதும் இந்தக் கடிதத்தை உன் அத்தையிடம் கேட்டு வாங்கிப் படி. அவள் அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்தால் தருவாள்.

இன்னொரு சின்ன விஷயம். காலையில் அறிவித்த அந்தப் பதினோராவது முடி, அக்காவின் புருவப் பென்சிலால் போட்டது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பென்சில் அவள் பையின் முன்பக்க ஜிப்பில் இருக்கிறது. பத்துதான், மகனே. அதிலும் இரண்டு வெறும் பூனைமுடி.